முழு அடைப்புக்கு ஏழு நாள் முன்னறிவிப்பு வேண்டும்: புதுச்சேரியின் அரசியல் தலைவர்களுக்கு ஒரு திறந்த மடல்

பெறுநர்: புதுச்சேரியில் இயங்கும் அனைத்து அரசியல் கட்சிகள், தொழிற்சங்கங்கள், பொதுநல அமைப்புகளின் தலைவர்கள்

மதிப்பிற்குரிய தலைவர்களுக்கு வணக்கம்.

நான் முதலியார்பேட்டையில் வசிக்கும் அரசுப் பள்ளி ஆசிரியை. என் கணவரும் அரசு ஊழியர்தான்; மாறுதல் உத்தரவில் மாஹேக்குப் போய் மூன்றாம் ஆண்டு நடக்கிறது. நானும் இரண்டு பிள்ளைகளும் எழுபத்தொரு வயதான மாமியாரும் இங்கே இருக்கிறோம். புதுச்சேரி அரசில் வேலை பார்க்கும் குடும்பங்களுக்கு இந்த நிலை புதிதல்ல. 1954 நவம்பர் 1 அன்று பிரெஞ்சுக்காரர்களிடமிருந்து நிர்வாகம் இந்தியாவின் கைக்கு வந்தபோது புதுச்சேரி, காரைக்கால், மாஹே, ஏனாம் ஆகிய நான்கு துண்டுகளும் ஒரே ஆட்சிப் பகுதியாகவே வந்தன. அன்று தொடங்கி, ஒரு துண்டில் வீடும் இன்னொரு துண்டில் வேலையுமாகக் காலம் கழிக்கும் குடும்பங்கள் இங்கே உண்டு. மாஹே 600 கிலோமீட்டருக்கு அப்பால், கேரளத்தின் கண்ணூர், கோழிக்கோடு மாவட்டங்களுக்கு நடுவே இருக்கிறது. ஏனாம் 800 கிலோமீட்டருக்கு அப்பால், ஆந்திரத்தில் காக்கிநாடாவுக்குப் பக்கத்தில் இருக்கிறது. காலையில் பேருந்து ஏறினால் மதியத்துக்குள் போய்ச் சேரக்கூடிய தொலைவில் காரைக்கால் ஒன்றுதான் உள்ளது. அதற்கும் கடலூர், சிதம்பரம், சீர்காழி என்று தமிழ்நாட்டைக் கடந்துதான் போக வேண்டும்.

ஆகவே விடுமுறைப் பயணம் என்று எங்களைப் போன்றவர்கள் சொல்லும்போது, பிள்ளைகள் தங்கள் அப்பாவைப் பார்க்கப் போகும் நாள்களைச் சொல்கிறோம். கோடை விடுமுறை, டிசம்பர் இறுதி விடுமுறை, இடையில் தீபாவளியோ பொங்கலோ ஒட்டி வரும் நான்கைந்து நாள்கள், அவ்வளவுதான். அந்த நாள்களை முன்கூட்டியே கணக்குப் பார்த்து, பிள்ளைகளின் தேர்வு அட்டவணையையும் மாமியாரின் மருத்துவப் பரிசோதனை நாளையும் ஒதுக்கிவிட்டு, மிச்சத்தில் ஒரு பயணத்தைப் பொருத்துவதற்குள் எனக்குப் பாதி ஆண்டு போய்விடுகிறது. அப்படிப் பொருத்திய பயணம் ஒரே நாளில் எப்படிச் சிதறிப்போகிறது என்பதையும், அதைத் தடுப்பது உங்கள் கையில் இருக்கிறது என்பதையும் சொல்லவே இந்த மடலை எழுதுகிறேன்.

அரசியலில் நிச்சயமில்லாத காலங்களில் பயணத்தைத் திட்டமிடுவது எப்படிப்பட்டது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். புதுச்சேரியிலும் தமிழ்நாட்டிலும் தேர்தல் என்றாலே கோடை விடுமுறையை ஒட்டித்தான் வருகிறது. சட்டமன்றத்துக்கு 2011இல் ஏப்ரல் 13, 2016இல் மே 16, 2021இல் ஏப்ரல் 6. மக்களவைக்கு 2014இல் ஏப்ரல் 24, 2019இல் ஏப்ரல் 18, 2024இல் ஏப்ரல் 19. நாங்களோ ஆசிரியர்கள், பயிற்சி வகுப்பு, வாக்குச்சாவடிப் பணி என்று தேர்தல் முடியும்வரை எங்கள் நாள்கள் எங்களுடையவை அல்ல. 2024இல் மார்ச் 16 அன்று தேர்தல் அட்டவணை வெளியானது. அடுத்த 34ஆம் நாள் வாக்குப்பதிவு. ரயில் முன்பதிவோ இப்போது 60 நாளுக்கு முன்பே திறக்கிறது. 2024 நவம்பர் 1க்கு முன்பு அது 120 நாளாக இருந்தது. விடுமுறைக் காலத்தில் முன்பதிவு திறக்கும் நாளன்று காலை எட்டு மணிக்கே டிக்கெட் எடுக்கத் தவறியவர்கள் வெயிட்டிங் லிஸ்டில் காத்திருந்துவிட்டுக் கடைசியில் தட்கலுக்கு அலைய வேண்டியதுதான். அதாவது தேர்தல் எந்த நாளில் என்று தெரிவதற்கு முன்பே நாங்கள் பயண நாளை முடிவு செய்தாக வேண்டும். தேர்தல் நன்னடத்தை விதிகள் நடைமுறைக்கு வந்துவிட்டால், 50,000 ரூபாய்க்கு மேல் ரொக்கம் கொண்டுபோகிறவர்கள் அதற்கான ஆவணத்தையும் கையோடு வைத்திருக்க வேண்டும். மூன்று பக்கம் தமிழ்நாட்டு எல்லையும் ஒரு பக்கம் கடலும் உள்ள ஊரில் அதற்கான வாகனச் சோதனையைச் சந்திக்காமல் யாரும் வெளியூர் போக முடியாது.

இவற்றில் எதையும் நான் குறையாகச் சொல்லவில்லை. வாக்குச்சாவடியில் உட்கார்ந்து ஒவ்வொருவர் விரலிலும் மை வைத்தவள் என்ற முறையில், அந்தப் பணிக்காக என் விடுமுறையில் இரண்டு வாரம் போனதற்கு நான் வருந்தியதே இல்லை. 2021 பிப்ரவரி 22 அன்று இங்கே நம்பிக்கை வாக்கெடுப்பில் அரசு கவிழ்ந்தது. மூன்று நாளில் குடியரசுத் தலைவர் ஆட்சி வந்தது. அதற்கு அடுத்த நாளே தேர்தல் தேதியும் அறிவிக்கப்பட்டது. ஒரே வாரத்தில் இத்தனையும் நடந்தும் அவை சட்டத்தில் சொன்ன முறைப்படியே நடந்தன. இந்த வகை நிச்சயமின்மையைத் தாங்கிக்கொள்ளவும், அதற்கேற்பப் பயணத்தை முன்னும் பின்னும் நகர்த்திக்கொள்ளவும் மக்களுக்குத் தெரியும். இரண்டு நாள் இடைவெளியில், சில வேளை ஒரே இரவில், 'நாளை மறுநாள் காலை ஆறு மணி முதல் மாலை ஆறு மணிவரை பந்த்' என்று வருகிற அறிவிப்பைத்தான் எங்களால் தாங்க முடியவில்லை.

இரண்டு ஆண்டுகளுக்கு முன் எங்களுக்கு நடந்ததைச் சொல்கிறேன். எந்தக் கட்சி, எந்தக் கோரிக்கை என்று இங்கே எழுதப் போவதில்லை. அந்தக் கோரிக்கை நியாயமானது என்றே அன்றும் நினைத்தேன், இன்றும் நினைக்கிறேன்.

விடுமுறை முடிந்து மாஹேயிலிருந்து புறப்படத் துணிமணிகளைக் கட்டிக்கொண்டிருந்தபோது, மறுநாள் புதுச்சேரியில் முழு அடைப்பு என்று பள்ளித் தோழி தொலைபேசியில் சொன்னார். ரயில் ஏற ஆறு மணி நேரம்தான் இருந்தது. வேறு நாளுக்கு மாற்றலாம் என்றால் அடுத்த ஒன்பது நாளுக்கும் இடம் இல்லை. பள்ளியும் இரண்டு நாளில் திறக்க இருந்தது. போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று ஏறிவிட்டோம். காலையில் விழுப்புரத்தில் இறங்கி, தமிழ்நாட்டு அரசுப் பேருந்து ஒன்றில் இடம் பிடித்தோம். வளவனூர் தாண்டும்வரை ஓர் இடையூறும் இல்லை. மதகடிப்பட்டு எல்லை வந்ததும் பேருந்து நின்றது. "இதுக்கு மேல போகாதும்மா, எல்லையோட சரி" என்று நடத்துநர் சொல்லிவிட்டுப் பெட்டிகளை இறக்கிவைக்க உதவினார். அவரைக் குறைசொல்ல ஒன்றுமில்லை. முந்தைய அடைப்புகளில் கண்ணாடி உடைந்த பேருந்துகளை அவரும் பார்த்திருப்பார்.

அந்த எல்லையைத் தலைவர்களாகிய நீங்கள் அடைப்பு நாளன்று நின்று பார்த்திருப்பீர்களா என்று எனக்குத் தெரியவில்லை. ஒரு பக்கம் கடைகள் திறந்து வழக்கம்போல் வியாபாரம் நடக்கிறது. மறுபக்கம் ஷட்டர்கள் இறங்கிக் கிடக்கின்றன. நடுவில், பேருந்துகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து ஆட்களை இறக்கிவிட்டுத் திரும்பிக்கொண்டே இருக்கின்றன. எங்களோடு இறங்கியவர்களில் திருக்கோவிலூர்ப் பக்கத்திலிருந்து வந்த ஒரு தம்பதி இருந்தார்கள். ஜிப்மர் மருத்துவமனையில் அன்று காட்ட வேண்டிய அட்டையைக் கையில் பிடித்தபடி அந்த அம்மாள் ஒவ்வொரு வண்டியையும் நிறுத்தப் பார்த்தார். மருத்துவமனைக்குப் போகிறவர்களுக்குத் தடை இல்லை என்று நீங்கள் ஒவ்வொரு முறையும் அறிவிக்கிறீர்கள். ஆனால் சொந்த வண்டி வைத்திருக்கும் நோயாளிக்கு மட்டுமே அந்த விலக்கு பயன்படுகிறது. பேருந்தை நம்பி வருகிறவருக்குப் பேருந்தே இல்லாதபோது விலக்கை வைத்துக்கொண்டு அவர் என்ன செய்வார்? பத்து மணிக்கு மேல் அவர்கள் வந்த வழியே திரும்பிப் போனார்கள்.

வீட்டுக்கு இன்னும் 20 கிலோமீட்டருக்கு மேல் இருந்தது. பெரிய பெட்டிகள் இரண்டு, பைகள் நான்கு, முழங்கால் வலியோடு மாமியார், ரயிலில் சரியாகத் தூங்காத பிள்ளைகள். மாமியாருக்குச் சர்க்கரை நோய் உண்டு. வேளைக்குச் சாப்பிட்டுவிட்டு மாத்திரை போட வேண்டும். திறந்திருந்த டீக்கடையில் பிஸ்கட் தவிர எல்லாம் தீர்ந்துவிட்டது. அப்போது சாலையோர வீட்டிலிருந்து ஓர் அம்மா வெளியே வந்து, முன்பின் தெரியாத எங்களைத் திண்ணையில் உட்காரச் சொல்லி, மாமியாருக்குத் தயிர்ச்சோறும் ஊறுகாயும் வைத்தார். 'பந்த் வந்தாலே எங்க திண்ணைக்கு ஆள் வந்துடும்' என்று அவர் சாதாரணமாகச் சொன்னது என் மனத்தில் அப்படியே நிற்கிறது. மாலை ஆறு மணிக்குப் பிறகு வந்த முதல் தனியார் பேருந்தில், மாமியாருக்கு மட்டும் இடம் கிடைக்க, மற்றவர்கள் நின்றுகொண்டே வீடு வந்து சேர்ந்தோம்.

எங்களுக்கு நேர்ந்தது அலைச்சல்தான், இழப்பு அல்ல. ஊரிலிருந்து புறப்பட வேண்டியவர்களின் நிலை இதைவிடக் கடினம். புதுச்சேரியிலிருந்து நேராகக் கிடைக்கும் ரயில்கள் குறைவு. பெரும்பாலானவர்கள் சுமார் 40 கிலோமீட்டர் தொலைவிலுள்ள விழுப்புரத்துக்கோ, சென்னைக்கோ போய்த்தான் வண்டி பிடிக்கிறார்கள். ரயில்வே ஒரு வண்டியை ரத்து செய்தால் முழுப் பணமும் திரும்பி வரும். ஆனால் இங்கே நடக்கும் அடைப்பால் விழுப்புரத்தில் எந்த வண்டியும் ரத்தாவதில்லை. அது தன் நேரத்துக்கு வந்து, தன் நேரத்துக்குப் போய்விடுகிறது. எல்லையைத் தாண்ட முடியாத பயணி தவறவிட்ட டிக்கெட்டுக்கு யாரும் பொறுப்பு இல்லை. முன்னதாக ரத்து செய்தால் பிடித்தம் சிறியது. புறப்படும் நேரம் நெருங்க நெருங்க அது கூடிக்கொண்டே போய், கடைசியில் ஒன்றும் திரும்பாது. ஒரு வாரத்துக்கு முன் தெரிந்திருந்தால் முந்தைய இரவே விழுப்புரம் போய்த் தங்கியிருக்கலாம், அல்லது குறைந்த இழப்போடு டிக்கெட்டை விட்டிருக்கலாம். இரண்டு நாள் அறிவிப்புக்கும் ஏழு நாள் அறிவிப்புக்கும் இடையே நீங்கள் கொடுக்கத் தவறும் அந்த ஐந்து நாளின் விலை ஒரு குடும்பத்தின் ஒரு மாதச் சேமிப்பாக இருக்கக்கூடும்.

போராட்டம் வேண்டாம் என்று சொல்ல இந்த ஊரில் பிறந்த எவருக்கும் நா வராது. 1936 ஜூலை 30 அன்று இதே முதலியார்பேட்டையை ஒட்டிய பஞ்சாலைப் பகுதியில் பிரெஞ்சுப் போலீஸின் துப்பாக்கிச் சூட்டில் பன்னிரண்டு தொழிலாளர்கள் உயிரிழந்தார்கள். எட்டு மணி நேர வேலை என்ற உரிமை அவர்கள் சிந்திய இரத்தத்தில் கிடைத்தது. ஒவ்வொரு ஜூலை 30 அன்றும் நீங்களும் மாலை அணிவித்து வருகிறீர்கள். அந்தத் தொழிலாளர்கள் தங்கள் ஆலையை, தங்கள் கூலியை, தங்கள் உயிரைப் பணயம் வைத்தார்கள் என்பதை நான் வகுப்பில் பிள்ளைகளுக்குச் சொல்லித் தருகிறேன். அவர்களை எதிர்த்து நின்ற முதலாளியும் அரசும்தான் அந்த வேலைநிறுத்தத்தின் சுமையை முதலில் உணர்ந்தார்கள். இன்றைய முழு அடைப்பில் யார் மீது உங்களுக்குக் கோபமோ அவர்கள் காரில் போய் வேலையைப் பார்க்கிறார்கள்; ஆட்டோ ஓட்டுபவரும், தள்ளுவண்டியில் பழம் விற்பவரும், மதகடிப்பட்டு, முள்ளோடை, கோரிமேடு எல்லைகளில் பெட்டியோடு நிற்பவரும்தான் அந்த நாளின் செலவைக் கட்டுகிறார்கள்.

முழு அடைப்பு சட்டப்படி சரியா என்ற கேள்விக்கு நீதிமன்றங்கள் முன்பே விடை சொல்லிவிட்டன. கட்டாயப்படுத்தி நடத்தும் பந்த் அரசியல் சாசனத்துக்கு எதிரானது என்று கேரள உயர்நீதிமன்றம் 1997இல் தீர்ப்பளித்தது. அதே ஆண்டு உச்சநீதிமன்றம் அதை உறுதி செய்தது. அதன்பின் கேரளத்தில் பந்த் என்ற பெயர் மறைந்து ஹர்த்தால் என்ற பெயர் நிலைத்தது; தெருவில் நிற்பவருக்குப் பெரிய வித்தியாசம் ஒன்றும் ஏற்படவில்லை. ஆனால் 2019 ஜனவரியில் கேரள உயர்நீதிமன்றம், ஹர்த்தால் நடத்த விரும்பும் எவரும் ஏழு நாளுக்கு முன்பே அறிவிக்க வேண்டும் என்று உத்தரவிட்டது. அந்த உத்தரவு ஒவ்வொரு முறையும் மதிக்கப்பட்டது என்று சொல்ல மாட்டேன். மாஹே கேரளத்துக்கு நடுவே இருப்பதால் அங்குள்ள ஹர்த்தாலும் எங்கள் பயணத்தில் குறுக்கிடுகிறது. இங்குள்ள பந்தும் குறுக்கிடுகிறது. ஆகவே இரண்டையும் ஒப்பிட்டுப் பார்க்கும் வாய்ப்பு எங்களுக்கு உண்டு. முன்கூட்டி அறிவித்த ஹர்த்தாலின்போது என் கணவர் ஒரு நாள் முன்னதாகவே புறப்பட்டு, தொல்லை ஏதுமின்றி வந்து சேர்ந்திருக்கிறார். அடைப்பு அதனால் வலுவிழக்கவில்லை; அன்றும் கடைகள் மூடித்தான் இருந்தன.

எனவே நான் உங்களிடம் கேட்பது முதன்மையாக ஒன்றே. முழு அடைப்பு அறிவிப்பதாக இருந்தால் ஏழு நாள் முன்னதாக அறிவியுங்கள். எந்த நீதிமன்றமும் உங்களைக் கட்டாயப்படுத்துவதற்கு முன், எல்லாக் கட்சிகளும் ஒன்றாக அமர்ந்து இதை உங்களுக்குள் ஓர் உடன்பாடாகச் செய்துகொள்ளுங்கள். ஆளும் கட்சியும் எதிர்க்கட்சியும் அடிக்கடி இடம் மாறும் ஊர் இது. இன்று எதிர்க்கட்சியாக இருந்து ஏழு நாள் பொறுப்பவருக்கு, நாளை ஆளும் கட்சியாக அமரும்போது அந்த ஏழு நாள் பேச்சுவார்த்தைக்குக் கிடைக்கும். திடீரென ஒரு கொடுமை நடந்துவிட்டது, ஒரு வாரம் காத்திருக்க முடியாது என்று நீங்கள் சொல்லக்கூடும். அந்தக் கோபத்தை நான் மதிக்கிறேன். அன்றே ஊர்வலம் போகலாம், கடற்கரைச் சாலையில் மெழுகுவத்தி ஏந்தலாம், சட்டமன்றத்தின் முன் உட்காரலாம். அவற்றுக்கு எல்லோரும் வருவோம், நானும் வருவேன்.

அடைப்பு நாளைத் தேர்ந்தெடுக்கும்போது பள்ளி விடுமுறையின் முதல் இரண்டு நாளையும் கடைசி இரண்டு நாளையும் விட்டுவிடுங்கள். அந்த நான்கு நாளில்தான் சாலையில் குழந்தைகளும் முதியவர்களும் அதிகமாக இருக்கிறார்கள். விழுப்புரம் சாலையிலும் கடலூர் சாலையிலும், ரயில் டிக்கெட்டைக் காட்டுகிற பயணியின் வண்டியை மருத்துவமனைக்குப் போகும் வண்டியைப் போலவே விடுமாறு உங்கள் தொண்டர்களுக்குச் சொல்லுங்கள். அடைப்பு எந்தப் பகுதிக்கு என்பதையும் தெளிவாகக் குறிப்பிடுங்கள். 'புதுச்சேரி மாநிலம் முழுவதும்' என்று போட்டுவிட்டால் காரைக்காலில் பேருந்து ஓடுமா, ஏனாமில் கடை திறக்குமா என்று அங்கே இருப்பவர்களுக்கே விளங்குவதில்லை.

இன்னொன்று, இது பலர் கவனிக்காதது. அடைப்பைக் கைவிடுவதாக இருந்தால் அதையும் முந்தைய நாள் நண்பகலுக்குள் சொல்லிவிடுங்கள். நள்ளிரவில் பேச்சுவார்த்தை முடிந்து அதிகாலையில் 'கைவிடப்பட்டது' என்று செய்தி வந்தால், அதற்குள் டிக்கெட்டை ரத்து செய்தவர்களுக்கும் பயணத்தைத் தள்ளிப்போட்டவர்களுக்கும் நடக்காத அடைப்பும் நடந்த அடைப்புதான். அறிவிப்பு, திருத்தம், கைவிடல் எல்லாமே தேதியோடும் பொறுப்பாளரின் கையெழுத்தோடும் வரட்டும். பழைய அடைப்பின் சுவரொட்டிப் படம் ஒன்று ஆண்டுதோறும் வாட்ஸ்அப்பில் சுற்றிவருகிறது. அதை நம்பி எங்கள் பள்ளியிலேயே இரண்டு பேர் ஊருக்குப் போகாமல் இருந்துவிட்டார்கள்.

இந்த மடலின் படியை அரசுக்கும் அனுப்புகிறேன். 'பேருந்துகள் வழக்கம்போல் இயங்கும்' என்ற ஒற்றை வரி அறிவிப்பு அடைப்பு நாளில் யாருக்கும் உதவுவதில்லை. எந்தத் தடத்தில், எத்தனை மணிக்கு, புதுச்சேரி சாலைப் போக்குவரத்துக் கழகத்தின் (பி.ஆர்.டி.சி.) எத்தனை பேருந்துகள் காவல்துறைப் பாதுகாப்போடு போகும் என்று முந்தைய மாலைக்குள் சொல்ல முடியும். விழுப்புரம் ரயில் நிலையத்துக்கும் ஜிப்மருக்கும் இரண்டு மணி நேரத்துக்கு ஒன்று என்று ஓடினால்கூட, மதகடிப்பட்டில் நின்ற அந்தத் தம்பதி திரும்பிப் போயிருக்க வேண்டியதில்லை. பேருந்து நின்றுவிடும் எல்லைகளில் ஒரு பந்தலும் குடிநீரும் வையுங்கள். இப்போது அந்த வேலையைத் திண்ணை வைத்த வீட்டுக்காரர்கள் செய்துகொண்டிருக்கிறார்கள்.

இந்த ஆண்டு டிசம்பர் 24 அன்று மாஹே போகலாம் என்று பிள்ளைகளிடம் சொல்லியிருக்கிறேன். அதற்கான முன்பதிவு அக்டோபர் 25 காலை எட்டு மணிக்குத் திறக்கும். அதற்கு முன் நீங்கள் ஒன்றாக அமர்ந்து பேசி, ஏழு நாள் முன்னறிவிப்புக்கு இணங்குகிறோம் என்று ஓர் அறிக்கையில் கையெழுத்திட்டுத் தருமாறு தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓர் அரசுப் பள்ளி ஆசிரியை,
முதலியார்பேட்டை, புதுச்சேரி.